சாக்கிபம்பா ஊற்றுக்கு ஒரு சாசனம்

சான் லூகாஸ் நகராட்சி,
பொறியியல் பிரிவு.
செவ்வாய்க்கிழமை.

பொறியாளர் ரமீரோ எராசோ அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தலைநகர் கீத்தோவிலிருந்து அனுப்பிய குடிநீர்த் திட்டச் சாசனம் கிடைத்தது. கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மின்னஞ்சலில் எழுதினால் உங்கள் உதவியாளர் பிரித்துப் பார்த்து, "குறித்துக்கொண்டோம்" என்று ஒரு வரி பதில் போடுவார். அதனால்தான் தாளில், நகராட்சி முத்திரையோடு எழுதுகிறேன். இதை நீங்களே உடைத்துத்தான் படிக்க வேண்டும்.

சாசனம் அழகாக இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் சின்னம் பளபளவென்று அச்சாகியிருக்கிறது. திட்டத்தின் நோக்கம் என்ற இடத்தில், "சான் லூகாஸ் மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துதல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வரியைக் கோழிப் பண்ணைக்கும் போடலாம், தேவாலய மணிக்கும் போடலாம். எங்கள் மருத்துவமனையில் பிரசவத்துக்கு வருகிற பெண்களை, வீட்டிலிருந்து தண்ணீர் கேன் கொண்டுவரச் சொல்கிறார்கள். நோக்கம் அதுதான். அதை எழுதக் கூச்சமாக இருந்தால் இந்தச் சாசனத்தை வேறு யாராவது எழுதட்டும்.

திட்டப் புரவலர் என்று உங்கள் பெயர். திட்ட மேலாளர் என்று என் பெயர். நன்றி. ஆனால் ஆள் எடுக்க உங்கள் அலுவலகத்தின் அனுமதி வேண்டும், குழாயின் அளவை மாற்ற அனுமதி வேண்டும், ஆபத்து என்று கண்ணால் பார்த்தாலும் வேலையை நிறுத்த அனுமதி வேண்டும். கெட்டது நடந்தால் மட்டும் யார் அனுமதியும் இல்லாமல் பழி என் மேல் விழும். மாட்டின் கழுத்தில் மணியைக் கட்டிவிட்டுக் கயிற்றை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அனுமானங்கள் என்ற பகுதியில், "மேலூர்ச் சமூகம் சம்மதிக்கும்" என்று இருக்கிறது. ஊற்று, மேலே மலையில் இருக்கிற சாக்கிபம்பா ஊர்க்காரர்களுடையது. அவர்களை யார் கேட்டது? ஊற்றுக்கு மேலே இருக்கும் சரிவு, அவர்கள் ஊருக்கான கிளைக் குழாய், பிற்காலப் பராமரிப்பு எல்லாமே "திட்ட வரம்புக்கு வெளியே" போய்விட்டன. வரம்புக்கு வெளியே என்ற சொற்களை உங்கள் கையெழுத்துக்கு மேலே முன்பும் ஒருமுறை படித்திருக்கிறேன். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

உங்கள் புத்தகப் பெட்டிகள் இன்னும் என் வீட்டுக் கொட்டகையில்தான் கிடக்கின்றன. இந்த மழைக்குக் கூரை ஒழுகுகிறது. எடுத்துக்கொண்டு போக ஆள் அனுப்பவும். அம்மா நலம். உங்களை விசாரிக்கவில்லை.

மரியாதை குறையாமல் எழுத முயன்ற,
நெலிதா திப்பான்,
நகராட்சிப் பொறியாளர்.

*

கீத்தோ,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள நெலி,

உன் கடிதத்தை நானே உடைத்துத்தான் படித்தேன். திருப்திதானே?

கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு யோசி. திட்டச் சாசனம் என்பது வேலையைத் தொடங்கி வைக்கிற ஒரு தாள், அவ்வளவுதான். அது வேதப் புத்தகம் இல்லை. நிதி தருகிறவர்களின் குழு கூடும்போது மேசையில் ஒரு சாசனம் இருக்க வேண்டும். விவரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ எல்லாவற்றையும் வரம்புக்குள் கொண்டுவந்தால் திட்டம் வீங்கி வெடிக்கும். எதைச் செய்ய மாட்டோம் என்று எழுதுவதுதான் நல்ல மேலாண்மை. நாம் இருவரும் ஒரே வகுப்பில்தான் இதைப் படித்தோம். நீ மறந்துவிட்டாய்.

மேலூர்க்காரர்களை நீயே போய்ப் பார். சாசனத்தை வாசித்துக் காட்டு. உனக்கு அவர்கள் பாஷை தெரியும், உன் அம்மாவின் ஊரும் அந்தப் பக்கம்தான். மேலாளர் என்று உன் பெயரைப் போட்டதற்கு இங்கே எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் தெரியுமா? உனக்கு நல்லது செய்தாலும் அதில் நஞ்சைத் தேடுகிறாய்.

பழையதை இதில் கலக்காதே. அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்து முடித்தோம். பாலம் இன்றும் நிற்கிறது.

புத்தகங்களை வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடு.

உன் நலத்தையே விரும்பும்,
ரமீரோ.

*

சாக்கிபம்பா, சமூகக் கூடம்.
புதன்கிழமை.

பொறியாளர் ரமீரோ எராசோ அவர்களுக்கு,

என்னை நெலி என்று எழுத வேண்டாம். அந்தப் பெயரில் கூப்பிட்டவர்களில் ஒருவன் மண்ணுக்குள் இருக்கிறான், மற்றவரிடமிருந்து விவாகரத்து வாங்கிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை என் ஓட்டுநர் லிசான்றோ நடந்து இறங்கி, பேருந்து பிடித்து வந்து உங்கள் கையில் கொடுப்பார். நடந்து இறங்க வேண்டியிருப்பதற்குக் காரணம் உங்கள் சாசனம். நகராட்சி வண்டியை ஊர்க்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஊர்க் கூட்டம் நடக்கும் காலையில் வந்து, கம்பளிப் போர்வையும் தொப்பியுமாகக் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் சாசனத்தை வரி வரியாக வாசித்து, அவர்கள் பாஷையிலும் சொன்னேன். ஊர்ச் சபைத் தலைவியின் பெயர் திரான்சிதோ கைசா. கீத்தோவில் பணக்காரர் வீடுகளில் பல வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு, "இனிமே எவனுக்கும் சூப் ஊத்த மாட்டேன்" என்று ஊருக்குத் திரும்பியவர். நான் சாசனம் என்று சொன்னதுமே குறுக்கே பேசினார்.

"சாசனம்னா கல்லுல வெட்டுறதும்மா. இது காயிதம். மழையில நனைஞ்சா மூக்குச் சிந்தக்கூட ஆகாது."

கூடம் சிரித்தது. அனுமானங்கள் பகுதிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. "மேலூர்ச் சமூகம் சம்மதிக்கும்" என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன்.

"எங்க சம்மதத்தை நீங்களே அனுமானிச்சுட்டீங்க. சரி. அப்ப உங்க வண்டியை நாங்க எடுத்துக்கறதுக்கு நீங்க சம்மதிப்பீங்கன்னு நாங்களும் அனுமானிச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டு, லிசான்றோவிடம் கையை நீட்டினார். லிசான்றோ என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சாவி திரான்சிதோ அம்மாவின் இடுப்புக் கச்சைக்குள் போய்விட்டது.

"இஞ்சினியரம்மா, பிடிச்சது வண்டியைத்தான், நம்மளை இல்ல. இறக்கம்தானே, நடந்துரலாம் வாங்க" என்று லிசான்றோ காதில் சொன்னார். போகலாம் என்று திரான்சிதோ அம்மாவும் வாசலைக் காட்டினார். எனக்குத்தான் போக மனம் வரவில்லை. உங்கள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, நீங்க சொல்லுங்க, எழுதறேன். ஆனா நீங்க சொல்றதையெல்லாம் எழுத மாட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் கீழே ஒரு சொட்டும் போகக் கூடாது என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன் என்றேன். மருத்துவமனை கீழேதான் இருக்கிறது, உங்கள் ஊர்ப் பெண்களும் பிரசவத்துக்கு அங்கேதான் வருகிறார்கள் என்றேன்.

"வந்தா என்ன மரியாதை? 'பாவாடைக்காரி, ஓரமா நில்லு'ங்கறா நர்சு. அவ கை கழுவ எங்க தண்ணியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். உடனே நாலாபக்கமும் கூச்சல். நகரத்தின் எச்சில், கீத்தோவின் கைக்கூலி என்றெல்லாம் என்னைச் சொன்னார்கள். அம்மாவின் ஊர் இந்தப் பக்கம் என்பது உதவும் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் சொல்லித் திட்டினார்கள். "கீழ போய்ப் படிச்சுட்டு வந்து மேல இருக்கிறவன் கழுத்தை அறுக்கிறா" என்றார் ஒருவர். எனக்கும் வாய் இருக்கிறது. "கழுத்தை அறுக்க வந்தவ உங்ககிட்ட வாசிச்சுக் காட்டிட்டா அறுப்பா? ராத்திரியோட ராத்திரியா குழாயைப் பதிச்சிருக்க மாட்டாளா?" என்று கேட்டேன். திரான்சிதோ அம்மா கோலைத் தரையில் தட்டி, "ரெண்டு பக்கமும் கத்தினது போதும். எழுதும்மா" என்றார்.

எழுதினோம். வறட்சியில் ஊற்று குறைந்தால் முதலில் சாக்கிபம்பாவின் குடிநீர், அடுத்து மருத்துவமனை, அதற்குப் பிறகுதான் நகரத்து வீடுகள். "மேயர் வீடும் அதுலதானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அன்று அவர்கள் என்னோடு சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

ஊற்றுக்கு மேலே உள்ள சரிவை வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டேன். குழாய்க்காக அதன் அடியை வெட்டினால் மழையில் சேறு முழுவதும் கீழே இருக்கிற வீடுகளின் மேல்தான் இறங்கும். நீங்கள் வரைபடத்தில் பார்த்தீர்கள். நான் அந்த வீடுகளின் வாசலில் நின்று பார்த்தேன். கிளைக் குழாயும் உள்ளே. பராமரிப்பு யார் பொறுப்பு என்பதும் உள்ளே. புதிய பள்ளிக் கட்டடம் வேண்டும் என்றார்கள், அதை வரம்புக்கு வெளியே என்று எழுதினேன். நீங்கள் சொல்வது போல எனக்கும் அந்த வகுப்பு நினைவிருக்கிறது. எதைச் செய்ய மாட்டோம் என்று எழுதலாம். ஆனால் செய்யாமல் விட்டால் ஆள் சாகும் என்றால், அதை வெளியே தள்ள யாருக்கும் பேனா கிடையாது.

வேலையை நிறுத்தும் உரிமை மேலாளருக்கும் உண்டு, ஊர்க் கூட்டத்துக்கும் உண்டு. காரணத்தைச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

கடைசியில் திரான்சிதோ அம்மா கேட்டார்: "எல்லாம் முடிஞ்சு, நீங்க ரிப்பன் வெட்டிட்டுப் போன அப்புறம் ஏதாச்சும் ஆச்சுன்னா, வந்து பதில் சொல்ற ஆள் யாரு?" உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நானே 'பதில் சொல்ல வேண்டியவர்' என்று ஒன்று போட்டேன். அதில் புரவலர் என்று உங்கள் பெயரை எழுதி, படித்தும் காட்டினேன்.

"ரமீரோ எராசோவா? பாலத்துக்காரனா?" என்றார் ஒருவர். மெசியாஸ் என்று பெயர், தினமும் பால் கறந்து சாலையோரம் வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிற மனிதர். "எலோய் வண்டிக்குத்தான் நான் பால் ஊத்தினேன்" என்றார். எலோய் என் தம்பி என்றேன். அங்கே பாதிப் பேருக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

பழையதைக் கலக்காதே என்று எழுதினீர்கள். இதோ கலக்குகிறேன். பாலத்தின் சாசனத்தில் பாலம் மட்டும்தான் வரம்புக்குள் இருந்தது. பாலத்துக்கு ஏறுகிற அணுகுசாலை வெளியே. திறப்பு விழாவில் நீங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டீர்கள், பதவி உயர்ந்து கீத்தோ போனீர்கள். முதல் பெருமழைக்கு அணுகுசாலையின் ஓரம் கரைந்து, என் தம்பி பால் வண்டியோடு ஆற்றில் விழுந்தான். அவன் உடல் எங்கள் வீட்டில் கிடந்தபோது அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்டார். ஒரு தாய் கேட்கிற கேள்வி அது. அதற்குக் கணக்காகப் பதில் தேவையில்லை, அழுதாலே போதும். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாலத்துக்கு ஒண்ணும் ஆகலை அத்தை. அணுகுசாலை எங்க திட்டத்துல இல்லை."

நான் உங்களை விட்டு விலகியதற்குப் பல காரணங்களை வக்கீல் எழுதினார். ஒன்றும் உண்மையில்லை. அந்த வாக்கியம்தான் காரணம். இப்போது மறுபடி, பாலம் இன்றும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்கட்டும்.

ஊரின் தீர்மானம் இது. புதிய சாசனத்தில் புரவலர் இங்கே நேரில் வந்து, எல்லார் முன்னாலும் படித்து, எல்லார் முன்னாலும் கையெழுத்திட வேண்டும். பிரதிநிதி வேண்டாம், நகலெடுத்த கையெழுத்து வேண்டாம், போலீசும் வேண்டாம். வராவிட்டால் ஊற்று அவர்களுடையதாகவே இருக்கும். திரான்சிதோ அம்மா உங்களுக்கென்று சொல்லியனுப்பியது: "வந்தா உருளைக்கிழங்கு அவிச்சுப் போடுவோம். வரலைன்னா ஊர்த் தண்டனைதான், செந்தட்டிச் செடி அடியும் பச்சைத் தண்ணிக் குளியலும் அவனுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முழுச் சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் வர வேண்டும் என்று உங்களைக் கெஞ்சுவதாக நினைக்க வேண்டாம். மருத்துவமனைக்குத் தண்ணீர் வர வேண்டும். அதற்கு உங்கள் கை தேவைப்படுகிறது, கையோடு நீங்களும் வந்தாக வேண்டியிருக்கிறது. கம்பளி உடுத்தி வாருங்கள், இங்கே காற்று எலும்பைத் தொடும்.

உங்களுக்காக அல்ல, ஊற்றுக்காகக் காத்திருக்கும்,
நெலிதா திப்பான்.

*

சான் லூகாஸ்,
திங்கட்கிழமை.

ரமீரோ அவர்களுக்கு,

நீங்கள் வந்து போன பிறகு முதல் தடவையாக எழுதுகிறேன். நேற்று தொலைபேசியில் நீங்கள் கத்தியதற்கான பதில் இது.

ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று என்னைத் திட்டினீர்கள். நிறுத்தத்தான் செய்தார்கள். ஒப்பந்தக்காரர் குறுக்கு வழி தேடி, சரிவின் அடியில் இயந்திரத்தை இறக்கினார். நான் கீழே நகரத்தில் இருந்தேன். திரான்சிதோ அம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, சாசனத்தின் நகலைப் பிரித்து அந்த ஆளிடமே படிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் படித்துவிட்டு இயந்திரத்தைப் பின்னால் எடுத்துவிட்டார். வேலையை நிறுத்தும் அந்த உரிமைக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. என்னைத் திட்டும் முன் உங்கள் கையைத் திட்டுங்கள். இன்று வேலை மறுபடி தொடங்கிவிட்டது, குழாய் சரிவைச் சுற்றிக்கொண்டு போகிறது. உங்கள் குழுவிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், யாரும் சாகவில்லை என்று சொல்லுங்கள்.

அன்று கூடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்ததும் வழக்கம்போலப் பேசத் தொடங்கினீர்கள். நிதிக் குழு, காலக்கெடு, ஒத்துழைப்பு. "ஐயா, பேசறதுக்கு உங்களைக் கூப்பிடலை. படிக்கக் கூப்பிட்டோம்" என்று திரான்சிதோ அம்மா வாயை அடைத்தார். படித்தீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் என்ற கட்டம் வந்தபோது உங்கள் பெயரையும் நீங்களே படித்தீர்கள். மெசியாஸ் எழுந்தார். நின்றார், அவ்வளவுதான். நீங்கள் அவரைப் பார்க்காமல் பேனாவை எடுத்தீர்கள். கையெழுத்திடப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். வரம்புக்குள் என்ற பகுதிக்குப் புரட்டி, உங்கள் கையாலேயே ஒரு வரி சேர்த்தீர்கள்.

"குழாய் வண்டிகள் பாலத்தைக் கடக்க வேண்டியிருப்பதால், பாலத்தின் இரு அணுகுசாலைகளும் தடுப்புச் சுவர்களும் இத்திட்டத்தின் முதல் வேலையாகும்."

பிறகு கையெழுத்திட்டீர்கள். உருளைக்கிழங்கைத் தொடாமல் உங்கள் வண்டியில் ஏறினீர்கள். அணுகுசாலைக்குக் காரணம் குழாய் வண்டிகள் என்று எழுதினீர்கள். வேறு காரணம் எழுதப் படிவத்தில் இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வரிக்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால், அது உங்களுடைய இன்னொரு அனுமானம்.

சுவர் கட்டி முடிந்துவிட்டது. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து கல் சுமந்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் அவரைக்காய் உரித்துக்கொண்டே இருந்தார். "என் பிள்ளை வண்டிக்குக் கட்டலை. எவன் பிள்ளை வண்டிக்கோ கட்டியிருக்காங்க. கட்டட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "மலையேறி வந்தானா? அவனுக்கு மூச்சு முட்டுமே" என்றார். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

குழாய் மருத்துவமனையின் பின்சுவர் வரை வந்து சேரும் நாளை இப்போதே சொல்ல முடியாது. வந்ததும் முதல் குழாயைத் திறக்கப் போவது மேயர் அல்ல, நீங்களும் அல்ல, நானும் அல்ல. பிரசவ அறையில் அன்று யார் இருக்கிறாளோ அவள். இதைச் சாசனத்தில் எழுதவில்லை, நானும் திரான்சிதோ அம்மாவும் பேசி முடிவு செய்தது. அதிலும் சண்டை போட்டுத்தான் முடிவு செய்தோம்.

கூடத்தில் படிக்கும்போது நடுநடுவே இருமினீர்கள். இரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, மேலாளர் என்ற முறையில் கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மழைக்காலங்கள் வரும், குழாய் பழசாகும், சுவரில் விரிசல் விழும், ஊர்க்காரர்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் இந்தத் தண்ணீர் ஓடுகிற வரைக்கும் நீங்கள் திடமாக, நினைவு தெளிவாக, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் இருந்துவிட்டுப் போங்கள்.

நெலிதா.